மனுவோடு போன பிள்ளை

மார்கழி மாதத்தில் எந்தப் பிள்ளைக்காவது வேர்க்குமா? நீங்களே சொல்லுங்கள். மீன்சுருட்டியில் என் அம்மா வீட்டில் இருக்கிறேன். வெளியே பனி கொட்டுகிறது. நான் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மடியில் பால் குடிக்கிற மகன் பூவரசனுக்கு மட்டும் நெற்றி நனைந்து, தலை நனைந்து, என் முழங்கை வரைக்கும் ஈரம். நாலு இழுப்பு இழுப்பான். சுடுசோறு வாயில் பட்ட மாதிரி விட்டுவிட்டு வீரிட்டுக் கத்துவான். முகம் வெளுத்துப் போகும். கொஞ்ச நேரத்தில் பசி தாங்காமல் மறுபடி வாயை வைப்பான். மறுபடியும் கத்தல்தான்.

என் அம்மா ஆண்டாயியிடம் சொன்னேன்.

"ஆம்பளப் புள்ளடி. கெட்டியா இழுக்குறான், அதான் வேர்க்குது" என்றாள்.

"அப்ப ஏம்மா கத்துறான்?"

"ஒரம் வுழுந்துருக்கும். நீ எக்குத்தப்பாத் தூக்கியிருப்ப."

உரம் விழுவது என்றால், பிள்ளையைத் தூக்கும்போது எங்கேயோ பிசகிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கென்றே பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா இருந்தார். அவரும் என் அம்மாவும் ஒரு பழம்புடவையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, என் பிள்ளையை அதில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்கள். கத்திக் கத்தி ஓய்ந்து தூங்கிவிட்டான். "பாத்தியா, சரியாப் போச்சு" என்றாள் அம்மா. ஒரு மண்ணும் சரியாகவில்லை. கத்தக்கூட முடியாமல் தூங்கினான், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் பிள்ளையோடு என்னைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஆலத்தியூரைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் ஒரு சின்ன ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும். காலையில் போட்ட கோலத்தை மத்தியானம் தேடவேண்டும். துவைத்துக் காயப்போட்ட துணியை உதறினால் தும்மல் வரும். இந்த ரோட்டுக்குத் தார் போடுங்கள், லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடி ஓட்டச் சொல்லுங்கள் என்று பல வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருப்பவர் என் மாமனார் கொளஞ்சியப்பன். அதே ரோட்டில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர் அவருடைய ஒரே மகன், என் வீட்டுக்காரர் இளவரசன். அப்பா மனு எழுதுவார், பிள்ளை லோடு அடிப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே குண்டானில் சாப்பிடுவார்கள். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

புகுந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பூவரசனுக்கு மூச்சு வேகமாக ஓட ஆரம்பித்தது. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும். எடை ஏறவில்லை. அவ்வளவுதான், எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தூசி! போனில் என் அம்மா, "அந்தத் தூசிக் காட்டுல ஏன்டி புள்ளைய வச்சுக்கிட்டிருக்க? நம்மூருக்கு வந்துடு, காத்து பட்டா சரியாயிடும்" என்று அழுதாள். சம்பந்தி வீட்டார் ஊரைப் பழித்தால் யாருக்கும் கோபம் வரும். மாமாவுக்கு வரவில்லை. "ஒங்க அம்மா சொல்றது நூத்துக்கு நூறு உண்மம்மா" என்றார். என் வீட்டுக்காரர்தான் பாவம். லாரியிலிருந்து இறங்கியதும் நேராகக் குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அப்புறம்கூடப் பிள்ளையைத் தொடமாட்டார். தள்ளி நின்று பார்ப்பார். தன் லாரிப் புழுதிதான் பிள்ளை நெஞ்சில் இறங்கிவிட்டது என்று அவருக்குள் உறுத்தல்.

பெரம்பலூரில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எந்த ஊர் என்று டாக்டர் கேட்டார். சொன்னதுமே பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. "லாரி ரோடா? தூசி அலர்ஜிதான்" என்றார். மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை இழுக்கவைத்தார்கள்.

"பால் குடிக்கறப்ப வேர்க்குது டாக்டர்."

"கொழந்தைன்னா வேர்க்கும்மா."

"ஒரு தடவகூட இருமல டாக்டர்."

"இனிமே இருமும்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

மாமா எழுந்திருக்கவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துத் தரவேண்டும் என்று அடம்பிடித்தார். எதற்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. படம் வந்தது. டாக்டர் ஒரு நொடி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "சளி நெறைய கட்டியிருக்கு" என்றார். மாமா அதை உறையில் போட்டு, கல்யாணப் பத்திரிகையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் வெளியே வந்தது. வருகிற திங்கட்கிழமை அரியலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். ஊரே வேன் வைத்துக்கொண்டு போகிறது. இத்தனை வருடம் காகிதத்தைக் கொடுத்தோம், இந்தத் தடவை பிள்ளையையே கொண்டுபோய்க் காட்டுவோம், படத்தையும் காட்டுவோம் என்றார் மாமா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாமா, இது தூசி இல்ல. தூசின்னா இருமனும். மூக்கு ஒழுவணும். அதுவும் இல்ல. இவனுக்கு மீன்சுருட்டியிலயே வேர்த்துச்சு. அங்க ஏது லாரி?"

"டாக்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவரு புள்ளையப் பாக்கல, ஊரப் பாத்தாரு. நான் புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கேன்!"

மாமா கெட்டவர் இல்லை. என் பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் தூசி, தூசி என்றே சொல்லிச் சொல்லி, எதைப் பார்த்தாலும் அவருக்குத் தூசியாகத்தான் தெரிந்தது. சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அரியலூரில் பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது, மனு கொடுத்த கையோடு அங்கே காட்டவேண்டும், அப்படியென்றால் வருகிறேன் என்றேன். மாமா சரி என்றார். அதனால்தான் அந்த வேனில் ஏறினேன். பெற்ற பிள்ளையை ஊர்வலம் கொண்டுபோக எனக்கு என்ன பைத்தியமா?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்து மேலே ஊற்றிக்கொள்வார்களோ என்று போலீஸ் எல்லோருடைய பையையும் சோதனை போட்டார்கள். ஒரு பெண் போலீஸ் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். உள்ளே டோக்கன் வாங்கிக்கொண்டு, வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். மாமா பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, பிள்ளையையும் படத்தையும் காட்டி விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூவரசன் பசிக்கு முனகினான். முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். இரண்டு இழுப்பு. விட்டான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. முந்தானையை விலக்கிப் பார்த்தால் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. நெற்றியெல்லாம் தண்ணீர். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அவனைக் குலுக்கினேன். மெல்ல ஒரு அழுகை வந்தது, பூனைக்குட்டி மாதிரி.

பத்திரிகைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்தார். "அழட்டும்மா. அப்படியே இருங்க, நல்லா வருது."

"எது நல்லா வருது? ஒன் மூஞ்சி! தூர எடுய்யா போனை" என்று கத்தினேன். எழுந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளேயிருந்து எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். மாமா ஓடிவந்தார். "நம்ம நம்பரு வந்துடுச்சும்மா பானு. அஞ்சே நிமிசம். காட்டிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"அஞ்சு நிமிசம் இவன் தாங்கமாட்டான் மாமா."

"இத்தன பேரு வேல வெட்டிய வுட்டுட்டு வந்துருக்கோம்" என்று குறுக்கே வந்தார் ராஜராஜன். எங்கள் ஊர் டீக்கடைக்காரர், மனு விஷயத்தில் மாமாவுக்கு வலதுகை. "கலெக்டர் மொகத்தப் பாக்கப்போற நேரத்துல இது என்ன நோவுன்னு ஓடுது?"

"நோவுன்னா ஓடாம, ஒக்காந்து ஒங்களுக்குத் தாளமா போடுவாங்க?" என்றேன். மாமா பக்கம் திரும்பினேன். "மாமா, இவன் மனு இல்ல. என் புள்ள. வழிய வுடுங்க."

மாமா அசையாமல் நின்றார். அவர் கையிலிருந்த படத்தை உறையோடு பிடுங்கிக்கொண்டேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே வந்த முதல் ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரி என்று சொல்லவேண்டியிருக்கவில்லை, ஆட்டோக்காரர் பிள்ளையைப் பார்த்துவிட்டு முறுக்கினார்.

குழந்தைகள் வார்டில் இருந்தவர் டாக்டர் பரிமளா. என் வயதுதான் இருக்கும். பிள்ளையை வாங்கிப் படுக்கவைத்து ஆக்சிஜன் வைத்தார். ஊரைக் கேட்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"பால் குடிக்கும்போது வேர்க்குதாம்மா?"

மார்கழியிலிருந்து ஒருவர் இதைக் கேட்கமாட்டாரா என்றுதான் நான் இருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். எல்லாவற்றையும் கேட்டார்: எத்தனை இழுப்பு, எப்போது கத்துவான், முகம் வெளுக்குமா, எப்போது ஆரம்பித்தது. சொன்னேன். படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்தார்.

"இது சளி இல்லம்மா. இதோ வெள்ளையா, பெருசா இருக்கு பாருங்க. இது இருதயம். இருக்கவேண்டியதுக்கு மேல வீங்கியிருக்கு."

உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தச் சின்ன நெஞ்சில் ஒயர்களை ஒட்ட இடமே போதவில்லை. பிறகு ஸ்கேன். டாக்டர் பரிமளா யாருக்கோ போன் போட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் பேசினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவர் கையில் மனு அப்படியே இருந்தது. கொடுக்கவில்லை.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இருதயம் ஒடம்பு முழுக்க ரத்தம் அனுப்புது. அதுவும் சதைதானே, அதுக்கும் ரத்தம் வேணும். அதுக்குன்னு தனியா ரெண்டு சின்னக் குழாய் இருக்கு. ஒங்க பையனுக்கு அதுல ஒண்ணு எடம் மாறி, நுரையீரலுக்குப் போற குழாய்ல மொளைச்சிருக்குன்னு சந்தேகப்படறேன். ரொம்ப அபூர்வம். வயித்துக்குள்ள இருக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. பொறந்து ரெண்டு மாசம் ஆகும்போதுதான் இருதயத்துக்கு ரத்தம் கொறைய ஆரம்பிக்கும். பால் குடிக்கறது இந்த வயசுக்கு மாடி ஏறுற மாதிரி வேலை. அந்த நேரத்துல நெஞ்சு வலிக்கும்."

"கைப்புள்ளைக்கு ஹார்ட் அட்டாக்காங்க?" என்று கேட்டார் மாமா. அவர் குரலே அவருடையது மாதிரி இல்லை.

"கிட்டத்தட்ட அதுதாங்கய்யா."

மாமா விடவில்லை. "தூசியால வந்துருக்குமா? இது வயித்துல இருக்கறப்ப எங்க ஊர்லதான இருந்துச்சு?"

"இல்லீங்க. கரு உருவாகும்போதே இப்படி அமைஞ்சிடுது. யாராலயும் இல்ல."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு, உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதியோடு வந்து கதவருகே நின்றார். கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்தது. "யாராலயும் இல்லீங்களா டாக்டர்?" என்று திரும்பக் கேட்டார். இல்லை என்றார் டாக்டர். மனுஷன் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு குளிக்காமல் கொள்ளாமல் நேராக உள்ளே போய்ப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

சென்னைக்குப் போகவேண்டும், ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்றார்கள். நர்ஸ் ஒருவரோடு ஆம்புலன்ஸ் கிளம்பியது. பெரம்பலூர் நாலு ரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்போது என் அம்மா போன் செய்தாள். "பச்ச மண்ணுடி! நெஞ்சப் பொளக்க வுட்டுடாத. மருந்து குடுத்துப் பாக்கச் சொல்லு. நான் ஆத்தாவுக்கு வேண்டிக்கிறேன்."

"வேண்டிக்கம்மா. நல்லா வேண்டிக்க. நான் அறுக்கத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி வைத்தேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா? ஆனால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் பால் கொடுக்கக் கொடுக்க என் பிள்ளைக்கு நெஞ்சு வலிக்கிறது. அந்தப் பாலை இனி ஒரு தாய் எப்படிக் கொடுப்பாள்?

சென்னையில் மறுபடி ஸ்கேன் எடுத்து, டாக்டர் பரிமளா சொன்னதுதான் என்று உறுதி செய்தார்கள். இருதயத்தை நிறுத்தி, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, அந்தக் குழாயை வெட்டி எடுத்துச் சரியான இடத்தில் தைக்கவேண்டும். இருதயம் ஏற்கெனவே சோர்ந்துபோயிருப்பதால் திரும்பத் துடிக்காமலும் போகலாம் என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டர். மறைக்காமல் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமா பானு?"

"பொறுத்து? அது ஒவ்வொரு வாய்க்கும் செத்துப் பொழைக்குதுங்க. பேனாவக் குடுங்க" என்றேன். நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார்.

காப்பீட்டு அட்டையில் செலவு கழிந்துவிடும் என்றார்கள். ஆனால் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். சென்னையில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் ஊர் ஆட்களோ எங்கள் மேல் கொலைவெறியில் இருந்தார்கள். கலெக்டர் முன்னால் பிள்ளையையும் காட்டவில்லை, மனுவையும் கொடுக்கவில்லை, வேன் வாடகைதான் மிச்சம் என்று ராஜராஜன் டீக்கடையில் வைத்துப் பேசுவதாகச் சேதி வந்திருந்தது. மாமா வராந்தாவின் ஒரு மூலைக்குப் போனார். ஊரில் யாரிடமும் தணிந்து போகாத மனுஷன். போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினார். எனக்கு எல்லாம் கேட்டது.

"ராஜராஜா, நான்தான்டா. ஸ்பீக்கர்ல போடு. கடையில இருக்கறவன் எல்லாம் கேக்கட்டும். என் பேரனுக்குத் தூசி இல்ல. நான் சொன்னது தப்பு. பொறப்புலயே இருதயத்துல கோளாறு. நான் அந்தப் புள்ளையக் கொண்டுபோய் கூட்டத்துல ஒக்கார வச்சேன். இப்ப ஆபரேசனுக்கு ரத்தம் வேணும். வர்றவன் வாங்க. கோவம் இருக்கறவனும் வாங்க, வந்து ரத்தத்தக் குடுத்துட்டு என்னைய நாலு ஏச்சு ஏசிட்டுப் போங்க."

மறுநாள் விடிய, எங்கள் ஊர் ஆட்கள் ஆறேழு பேர் கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் ராஜராஜன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்தம் கொடுக்கிற அறைக்குள் போனார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் கையை நீட்டினார். அத்தனை நாளும் ஒருவரையும் நம்பாமல் மடியிலேயே வைத்திருந்த பிள்ளையைத் தூக்கி, முன்பின் தெரியாத அந்தப் பெண் கையில் கொடுத்தேன். கதவு மூடிக்கொண்டது. பெஞ்சில் உட்கார முடியவில்லை, தரையில் உட்கார்ந்தேன். மத்தியானம் ஆனது. யாரோ பொட்டலம் வாங்கி வந்தார்கள், யாரும் பிரிக்கவில்லை. என் மார் கட்டிக்கொண்டு, ரவிக்கையெல்லாம் பால் வழிந்தது. துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். கேட்டால் டாக்டர் சொல்வார் என்றார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் கதவு திறந்தது. டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"கொழாயை மாத்தி வச்சாச்சும்மா. மெஷினை நிறுத்தினோம், இருதயம் தானா துடிச்சிடுச்சு. கொஞ்ச நாள் ஐ.சி.யு.ல வச்சுப் பாக்கணும். ஆனா நல்லா வந்துருவான்."

கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகக் கும்பிடத்தான். வந்தது வேறு.

"ஏன் சார் இவ்ளோ நேரம்? ஒரு ஆள அனுப்பி ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பெத்தவ ஒருத்தி வெளில கெடக்குறாளேன்னு ஒங்களுக்கெல்லாம் நெனப்பே இல்லையா? காலைலேர்ந்து நான் செத்துட்டேன் சார்! செத்தே போயிட்டேன்!" என்று அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். கத்திக்கொண்டே தரையில் விழுந்து, இரண்டு கையாலும் தரையை அடித்துக்கொண்டு, ஓவென்று அழுதேன்.

"ஏம்மா, உயிரக் காப்பாத்துன டாக்டரையா திட்டுற? எந்திரி!" என்று நர்ஸ் என் தோளைப் பிடித்தார்.

மாமா வந்து அவர் கையை மெதுவாக விலக்கினார்.

"திட்டட்டும், வுடுங்கம்மா" என்றார். "எங்க எல்லாரையும் இப்புடித் திட்டித்தான் புள்ளைய இங்க வரைக்கும் கொண்டாந்து சேத்தா."